காவிரியைப் பார்ப்பதற்காக ஒரு குகை

திருச்சியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலைக்கோட்டை என்பது, வெளியூரிலிருந்து திரும்பும்போது ரயில் சன்னலோரம் எட்டிப் பார்த்துத் தேடுகிற குன்று. சின்னக் கடைவீதியின் நெரிசலைக் கடந்து, மாணிக்க விநாயகரை வணங்கி, 417 படிகளையும் நான் எத்தனை முறை ஏறியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆயினும், தாயுமானவர் சன்னதிக்கு மேலே, உச்சிப் பிள்ளையாருக்குப் போகும் வழியில் ஒதுங்கியிருக்கும் பல்லவர் குகைக்குள் நாற்பது வயதுக்குப் பிறகுதான் முதன்முறையாக நுழைந்தேன். அதற்கு முன் போன நாட்களில் கம்பிக் கதவு பூட்டியிருந்ததும் உண்டு. திறந்திருந்தும் உச்சிக்குப் போகிற அவசரத்தில் தாண்டிச் சென்றதும் உண்டு. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சி செய்த முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகை இது. லலிதாங்குரன் என்ற அவனுடைய பட்டப்பெயரால் லலிதாங்குர பல்லவேஸ்வரம் என்று பெயர் பெற்றது. குகையின் வாயில் தெற்கு நோக்கியது. கருவறை கிழக்குச் சுவரில் இருக்கிறது. அதற்கு எதிரே, மேற்குச் சுவர் முழுவதையும் நிறைத்துக்கொண்டு கங்காதரர் நிற்கிறார். வாயிலிலிருந்து பக்கவாட்டில் விழுகிற வெளிச்சத்தில், உயர்த்திய வலக்கையில் ஒரு சடையைப் பிரித்து அவர் ஏந்தியிருப்பதும், மேலேயிருந்து சிறு உருவமாகக் கைகூப்பியபடி கங்கை அதை நோக்கி இறங்குவதும் தெளிவாகத் தெரிகின்றன. தூக்கிய பாதத்தைக் கீழே ஒரு பூதகணம் தாங்குகிறது. இருபுறமும் அடியார்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். பெருகி வரும் ஆற்றைத் தலையில் ஏற்கும் செயலில் இருந்தும், அந்த முகத்தில் துளியும் பதற்றமில்லை. தமிழகத்துக் கற்சிற்பங்களில் என் மனம் இத்தனை நேரம் நின்றது வேறெதிலும் இல்லை.

சிற்பத்தின் இருபுறத்து அரைத்தூண்களிலும் பல்லவக் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் பொருளை ஒரு கல்வெட்டுத் தொகுப்பில் படித்த பிறகுதான் இந்த மலையை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். தரையில் ஒரு கோயிலில் இருந்துகொண்டு சோழரின் பெருவளத்தையும் காவிரியையும் நான் எப்படிக் காண்பேன் என்று சிவபெருமான் கேட்டாராம். அதற்காகவே குணபரன், அதாவது மகேந்திரன், முகில் தொடும் இந்த மலைக்கோயிலை அவருக்கு அளித்தானாம். இன்னொரு சுலோகம் அதைவிட அழகானது. ஆறுகளின் மேல் பிரியமுள்ளவர் சிவன். சோலைகளை மாலையாக அணிந்த காவிரியைக் கண்டு அவர் மயங்கிவிடக்கூடும் என்று அஞ்சித்தான், பார்வதி தன் பிறந்தகமான இமயத்தை விட்டு இந்த மலையிலேயே தங்கிவிட்டாள் போலும். இந்த ஆறு பல்லவனுக்கு உரிய காதலி என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

நாம் காட்சிமுனை என்று சொல்கிற எண்ணம் இந்தச் சுலோகத்தில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது. ஒரு கங்கையைச் சடையில் ஏற்கும் கடவுளை, இன்னொரு ஆற்றைப் பார்த்தபடி இருக்கட்டும் என்று ஓர் அரசன் மலைமேல் குடியமர்த்தியிருக்கிறான். சிற்பமும் கவிதையும் கீழே ஓடும் ஆறும் சேர்ந்த ஒரே படைப்பு இது என்பதே என் எண்ணம். அதனால்தான் இந்தத் தூண்களுக்குச் சில அடி தூரத்தில் பாறையில் பெயர்களைக் கீறி வைத்திருப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

குகை வாயிலில் நின்றால் ஊரின் தென்பகுதிதான் தெரியும். காவிரியோ வடக்கே ஓடுகிறது. ஆகவே மிச்சமுள்ள படிகளையும் ஏறித்தான் ஆக வேண்டும். கீழே தெப்பக்குளமும் லூர்து அன்னை ஆலயத்தின் கூர்கோபுரமும் தெரிய, பிள்ளையார் சன்னதியைச் சுற்றி வடபுறம் வந்தால் காவிரி, அதற்கப்பால் தென்னைகளுக்கு நடுவே திருவரங்கத் தீவு, அதையும் தாண்டிக் கொள்ளிடம். பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்று, 1987-இல் பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு நிறைவடைந்த திருவரங்கத்து ராஜகோபுரம் அந்தப் பச்சைக்கு மேலே தனியாக எழுந்து நிற்கும். கோடையில் ஆறு வெறும் மணல். மேட்டூரில் திறந்த நீர் வந்து சேர்ந்த பிறகு, ஆடியில் பார்க்க வேண்டும்.

சென்ற ஆடியில் என் மகளை அழைத்துச் சென்றேன். முதலில் குகையில் நிறுத்திச் சுலோகத்தின் கதையைச் சொன்னேன். பிறகு உச்சியில் இரு கரையும் தொட்டு ஓடிய நீரைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "பார்வதி இங்கேயே தங்கிட்டாங்கன்னு சொன்னீங்களேப்பா, அவங்க எங்கே?" என்று கேட்டாள். இறங்கும் வழியில், தாயுமானவர் கோயிலில் மட்டுவார்குழலி அம்மன் சன்னதி முன்னால் அவளை நிறுத்தினேன்.