மேசைத் தாளமும் ‘கலா’வும்

நமது கல்லூரியில் பத்தாம் வகுப்புப் பின்வரிசை வாங்கில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கணித மாஸ்டர் வர ஐந்து நிமிடம் பிந்தினால் போதும், மேசைகள் மேளமாகிவிடும். பக்கத்தில் இருந்த நண்பன் அடிமட்டத்தை, அதுதான் ரூலரை, மேசை விளிம்பில் அழுத்தி உரசி ஓர் உறுமலை எழுப்புவான். நான் கொம்பாஸ் பெட்டியில் தட்டுவேன். ஒருநாள் மாஸ்டர் வாசலில் நின்று கேட்டுவிட்டார். “சாவீட்டு மேளம் அடிக்கவோ பள்ளிக்கூடம் வந்தனீங்கள்?” ஆளுக்கு ஆறு அடி. சங்கீதம் என்றால் பரிசளிப்பு விழாவில் மிருதங்கத்தோடு மேடையேறுவது. மற்றதெல்லாம் வெறும் சத்தம். அதையே நம்பிக்கொண்டுதான் நானும் லண்டன் வந்தேன்.

2007இல் ஒருநாள், டூட்டிங்கில் வாகன நெரிசல். மகன் காரில் ஒரு சீடியைப் போட்டான். ‘பேர்ட் ஃப்ளூ’ என்று ஒரு பாட்டு. கோழி கத்துகிறது, பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள், அடியில் உறுமி. ஒரு முகத்தைக் குச்சியால் அடித்து, மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க எழும் அதே அடிவயிற்று முனகல். எங்கள் அடிமட்டச் சத்தம்!

“யாரடா இது?”

“எம்.ஐ.ஏ., அப்பா. எங்கட ஆள்.”

பாடகி மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. அவரது மேடைப் பெயர். லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்குப் போய், 1986இல் அகதியாகத் திரும்பி, தென் லண்டன் மிச்சத்தில் வளர்ந்தவர். (மிட்சம் என்று எழுத வேண்டுமாம், எனக்கு அது மிச்சம்தான்.) முதல் இசைத்தொகுப்புக்குத் தகப்பனின் பெயரை வைத்தவர், இரண்டாவதற்குத் தாயின் பெயரை வைத்தார்: ‘கலா’.

அதை அமெரிக்காவில் செய்யத்தான் எண்ணியிருந்தார். 2006இல் விசா கிடைக்கவில்லை. விசாவுக்குக் காத்திருந்து பழகிய நமக்கு அது புதுக்கதையா? ஆனால் அவர் வீட்டில் குந்தியிருக்கவில்லை. சென்னை, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று அலைந்து, போன இடத்துச் சத்தத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்தார். சென்னையில் உறுமிக்காரர்களைக் கூட்டி வைத்து அடிக்கவிட்டது ‘பாய்ஸ்’ பாட்டிலும் கேட்கும். ஆஸ்திரேலியப் பழங்குடிப் பையன்களும் ஒரு பாட்டில் வருகிறார்கள். ‘டிஸ்கோ டான்சர்’ ஹிந்திப் படத்து ‘ஜிம்மி’யையும் திரும்பப் பாடியிருக்கிறார், அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, மனைவிக்கு அதுதான் உயிர்.

இவ்வளவு முரட்டுச் சத்தத்தை யார் வாங்குவார்கள் என்றுதான் நினைத்தேன். அமெரிக்க பில்போர்ட் 200 பட்டியலில் 18ஆம் இடம். பிரிட்டனில் 39தான், அது எனக்கு இன்னும் ஆற்றாமை. அந்த ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு என்று ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் ‘கலா’வைச் சொன்னது. அப்புறம் ‘பேப்பர் பிளேன்ஸ்’. ‘தி கிளாஷ்’ ராக் குழுவின் பழைய பாட்டுத் துண்டொன்றின் மேல் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும். தொகுப்பு வந்து ஒரு வருடம் கழித்து, 2008இல், அது அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் 4ஆம் இடத்துக்கு ஏறியது. விசாவையும் குடியேறியவர்களையும் வைத்துச் செய்த நையாண்டி, விசா மறுத்த நாட்டிலேயே!

போன வருடப் பழைய மாணவர் ஒன்றுகூடலில், இராப்போசனத்துக்குப் பிறகு யாரோ அந்தப் பாட்டைப் போட்டார்கள். கொத்து ரொட்டித் தட்டைத் தள்ளிவிட்டு நான் மேசையில் தட்டத் தொடங்கினேன். எதிரே இருந்தவன் பழைய அடிமட்டக்காரன். இப்போது பேரப்பிள்ளை கண்டவன். கரண்டிக் காம்பை மேசை விளிம்பில் வைத்து உரசினான். உரசிவிட்டு, ஒருமுறை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டான்.