சாக்கில் படுத்துத் தண்ணீர் குடித்த தேரைகள்

மதுரையில் விலங்கியல் பாடம் நடத்த வந்து இருபத்துச் சொச்சம் வருடம் ஆகிவிட்டது. ஆரம்ப வருடங்களில் வந்த ஒரு சித்திரைத் திருவிழா விடுமுறை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இருவாழ்விகளின் உடலில் நீர் எப்படிச் சமநிலையில் நிற்கிறது என்பதை முதுகலை மாணவிகளுக்குக் காட்ட, நான்கு தேரைகளை ஆய்வகத்தில் வைத்திருந்தேன். கத்தி, ஊசி எதுவும் கிடையாது. தண்ணீரில் விட்டு எடுத்து, மணிக்கொரு தரம் எடை போடுவோம். எடை கூடினால் அவ்வளவு நீர் உள்ளே போயிருக்கிறது என்று கணக்கு. முதல் எடை சரியாக வர வேண்டுமானால் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும் என்பதால், அடிவயிற்றை மெதுவாக அழுத்தி உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டுத்தான் தராசில் வைப்போம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு தேரைகளுக்கும் அதைச் செய்து, எடையைக் குறித்தேன். அகலமான தொட்டியில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே கம்பி வலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அழகர் மலையை விட்டுப் புறப்படுகிற நேரம். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு வீட்டுக்குச் சொந்தபந்தம் வரும் என்ற நினைப்புதான் தலை முழுக்க.

செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது அனல். தொட்டியில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் வெள்ளையாக உப்புக்கோடு மட்டும். ஒரு தேரை செத்துக் காய்ந்திருந்தது. மற்ற மூன்றும் மூலையில், கைகால்களை உடம்புக்கு அடியில் மடக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தோல் பழம்புளி ஓடு மாதிரி இருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். தேரையைத் தூக்கினால் உள்ளங்கை நனையும், அது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்றைக்கு நனையவில்லை. என்ன செய்துவிட்டேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

பதற்றத்தில் சொட்டு விடும் பில்லரில் தண்ணீர் எடுத்து அதன் வாயைத் திறக்கப் பார்த்தேன். ஆய்வக உதவியாளர் அண்ணன் ஓடி வந்து தடுத்தார். "வாயில ஊத்தாதீங்க மேடம், அது வாயால குடிக்காது. கண்மாய் வத்துறப்ப ஈரமண்ணுல வயித்தை வச்சுப் படுத்துக் கெடக்கும், பாத்ததில்லையா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு சாக்கை நனைத்துப் பிழிந்து தரையில் விரித்தார். தவளையும் தேரையும் தோலால்தான் நீர் அருந்தும் என்று முந்தின வாரம் கரும்பலகையில் எழுதியவள் நான். அவர் வண்டியூர்க் கண்மாய்க் கரையில் வளர்ந்தவர்.

சாக்கில் விட்ட கொஞ்ச நேரத்தில் மூன்றும் பின்னங்கால்களை அகல விரித்து, அடிவயிற்றை ஈரத்தோடு அழுத்திக்கொண்டன. நடுநடுவே இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்து, வேறு ஈரம் தேடி ஒட்டிக்கொண்டன. முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியதின் எடை வெள்ளிக்கிழமை 41 கிராம். செவ்வாய் காலை 32. ஒரு மணி நேரத்தில் 35 ஆனது. மத்தியானம் 39.

உடம்பில் நீர் குறைந்து ரத்தம் கெட்டியாகும்போது மூளையின் ஹைபோதலாமஸ் அதை உணர்ந்துகொள்கிறது. அங்கே உருவாகி, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதி வழியாக ரத்தத்தில் இறங்குகிறது வாசோடோசின் என்ற ஹார்மோன். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சின்ன மாலை அது. அதில் ஒரே ஒரு மணியை மாற்றினால் நம் உடம்பில் ஓடும் வாசோப்ரெசின். வெயிலில் அலைந்த நாளில் நமக்குச் சிறுநீர் மஞ்சளாகச் சுண்டிப் போவது இதன் வேலை.

தேரையிடம் இந்த ஹார்மோன் மூன்று இடங்களுக்குப் போகிறது. முதலாவது, பின்னங்கால்களுக்கு இடைப்பட்ட மெல்லிய தோல். அங்கே ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அந்தத் தோலின் செல்களுக்குள்ளே அக்வாபோரின் என்ற நீர்வழிகள் சின்னச் சின்னப் பைகளில் ஒதுங்கிக் கிடக்கும். வாசோடோசின் வந்து தொட்டதும் அவை மேலே வந்து செல்சவ்வில் பொருந்த, நீர் கடகடவென்று உள்ளே இறங்குகிறது. பிட்யூட்டரிச் சாற்றைச் செலுத்தினால் தவளையின் எடை கூடுகிறது என்பதை 1921-லேயே புரூன் என்ற ஆய்வாளர் கண்டு சொல்லிவிட்டார். வழி எது என்று தெரியத்தான் வெகுகாலம் பிடித்தது. அக்வாபோரினைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ருக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. நீரோடு உப்பும் வேண்டுமே. தோல் வழியாகச் சோடியத்தை இழுக்க ஆல்டோஸ்டிரோன் என்ற வேறொரு ஹார்மோன் இருக்கிறது. ஈரத்தைத் தேடிப் போய்ப் படுக்க வைக்கும் தாகத்தில் ஆஞ்சியோடென்சின் என்ற இன்னொரு ஹார்மோனுக்குப் பங்கு உண்டு.

இரண்டாவது சிறுநீரகம். நம்மைப் போல ரத்தத்தைவிடச் செறிவான சிறுநீரை உண்டாக்க அதனால் முடியாது. எனவே வாசோடோசின் ரத்தம் வடிகட்டப்படும் அளவையே குறைத்துவிடுகிறது.

மூன்றாவதுதான் என்னைக் குத்தியது. தேரையின் சிறுநீர்ப்பை நம்முடையதைப் போலக் கழிவுப்பை மட்டும் இல்லை, அது தண்ணீர்த் தொட்டி. வறட்சி வந்ததும் அதே ஹார்மோன் அந்தப் பையின் சுவரைத் திறந்து, சேமித்த நீரை ரத்தத்துக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை நான் பிழிந்து வெளியேற்றியது அந்தச் சேமிப்பைத்தான். நான்கு நாளும் வாசோடோசின் ஊறி ஊறிக் காலிப் பானையைத் தட்டியிருக்கும். வலை போட்ட தொட்டியிலிருந்து ஈரம் தேடி வெளியேறவும் வழியில்லை.

உதவியாளர் அண்ணன் செத்த தேரையைக் காகிதத்தில் சுற்றினார். "நேத்துதான் மேடம் தேனூர் மண்டபத்துல மண்டூகருக்கு அழகர் விமோசனம் கொடுத்தாரு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. துர்வாசர் சாபத்தில் தவளையாகி, வைகைக் கரையில் தவமிருந்த முனிவருக்காகத்தான் அழகர் அவ்வளவு தூரம் வருகிறார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான்.

அந்த வருடத்திலிருந்து சிறுநீர்ப்பையை அழுத்தும் வேலையை என் வகுப்பில் நிறுத்திவிட்டேன். எடைக்கணக்கு கொஞ்சம் முன்பின்னாக வரும், வரட்டும். ஏன் நிறுத்தினேன் என்பதை ஒவ்வொரு ஆண்டும் மாணவிகளிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

பிழைத்த மூன்றையும் மறுநாள் காலை வண்டியூர்க் கண்மாய்க்குக் கொண்டுபோனோம். இரண்டை அண்ணன் சேற்றோரமாக விட்டார். பெரியதை நான் எடுத்தேன். உள்ளங்கை நனைந்தது.