கிரீஸ் இல்லாத ராத்திரியில அம்மாவோட வாசலின் டப்பா

போன ஸ்கூல் லீவுல அக்கா மகனுக்கு ஆன்லைன்ல வாங்குன சைக்கிள் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத்தான் பினாங்குல எங்க ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்து சேர்ந்துச்சு. பெட்டியத் திறந்தா ஹேண்டில், முன் சக்கரம், பெடல், சீட்டு எல்லாம் தனித்தனியா கெடக்கு, கூட ஒரு ஆலன் கீயும் ஒரு ஸ்பேனரும், அவ்ளோதான், கிரீஸ் ஒரு சொட்டு இல்ல. கடையெல்லாம் மூடியாச்சு. "மாமா, காலைல குயின்ஸ்பே பக்கம் போலாம்னு சொன்னீங்கள்ல"ன்னு அவன் பக்கத்துலயே நிக்கிறான்.

அப்படியே மாட்டிட்டுப் போயிருக்கலாம், ஆனா எனக்கு மனசு வரல. என்னோட பழைய சைக்கிள கடையில பூட்டிக் கொடுத்தவங்க சீட்டு கம்பிக்கு கிரீஸே வைக்கல, ரெண்டு வருசத்துல கம்பி உள்ளயே இறுகிப் போச்சு. இரும்பு ஃபிரேமுக்குள்ள அலுமினிய கம்பி, நம்ம பினாங்கு கடல் காத்து உப்பு, மழைத் தண்ணி, இது மூணும் சேர்ந்தா அலுமினியம் அரிச்சுப் பூத்து ஃபிரேமோட ஒட்டிக்கும். கடைசில அத அறுத்துத்தான் எடுத்தாங்க.

அந்த எடத்துல கிரீஸோட வேலை என்னன்னா ரெண்டு உலோகத்துக்கு நடுவுல தண்ணி போகாம தடுக்கறது, அவ்ளோதான். அதுக்கு வாசலினே போதும். அம்மா டப்பாலருந்து ஒரு விரல் எடுத்து சீட்டு கம்பியிலயும் பெடல் மரையிலயும் மெல்லிசா தடவுனேன். (எடது பெடல் மரை திருப்பி இருக்கும், எல், ஆர் எழுத்தப் பாத்து மாட்டுங்க, வழக்கம்போல முறுக்குனா பெடல் மாட்டுற கைப்பகுதி, அதாங்க கிராங்க், அதோட மரையே போயிரும்.) ஃபிரேமோ கம்பியோ கார்பன் ஃபைபரா இருந்தா வாசலின் வேணாம், அதுக்குன்னு இருக்கற பேஸ்ட்ல சொரசொரப்பு இருக்கு, அதுதான் கம்பிய வழுக்காம புடிக்குது. சக்கர பேரிங்குக்கும் வாசலின் ஆகாது, வெயில்ல நிறுத்துனாலே இளகிரும்.

அடுத்தது செயின். பையன் அடுப்பங்கரைலருந்து 1 கிலோ பாக்கெட் எண்ணெயத் தூக்கிட்டு வந்துட்டான். சமையல் எண்ணெய் மட்டும் செயின்ல படவே கூடாதுங்க. முதல் நாள் நல்லாத்தான் ஓடும், அப்புறம் காத்துல காஞ்சு பிசின் மாதிரி ஆயிரும், அதுல தூசி ஏறி மண்பசையா அரைக்கும். அம்மா தையல் மெஷின் எண்ணெய் இருந்துச்சு, அது மினரல் ஆயில், பிசுபிசுக்காது. ஒவ்வொரு கண்ணியோட உருளைலயும் ஒரு சொட்டு விட்டு, பெடல பின்பக்கமா சுத்தி, வெளில இருக்கறத பழைய பனியன் துணியால நல்லா துடைச்சேன், ஏன்னா எண்ணெய் உள்ளதான் இருக்கணும். மெல்லிசு எண்ணெய், மழைல நனைஞ்சா கழுவிட்டுப் போயிரும், ஒரு வாரத்துக்கு தாங்கும்னு வெச்சுக்கலாம்.

பூட்டும்போது என் விரல் பிரேக் புடிக்கற வட்டத் தகடு, அதாங்க டிஸ்க், அதுல பட்டுருச்சு, வாசலின் விரல் வேற. அவன் ஹேண்ட் சானிடைசர் கொண்டாந்தான், வேணாம்னுட்டேன், பல சானிடைசர்ல கை காயாம இருக்க கிளிசரின் போட்டிருப்பாங்க, அது டிஸ்க்ல படிஞ்சா பிரேக் கத்தும், புடிக்காது. மருந்துப் பெட்டில ஊசி போடுறதுக்கு முன்னாடி துடைக்கற ஆல்கஹால் ஸ்வாப் இருந்துச்சு, நாலஞ்சு எடுத்து துடைச்சதும் சரியாச்சு.

காலைல போனோம். பாதைல கண்ணாடித் துண்டு ஏறி டயர் பக்கவாட்டுல சின்ன விரல் நகம் அளவுக்கு கிழிஞ்சிருச்சு. மாத்து டியூப் இருந்துச்சு, ஆனா அந்த ஓட்டை வழியா டியூப் பிதுங்குமே! 1 வெள்ளி (ரிங்கிட்) நோட்ட நாலா மடிச்சு உள்பக்கமா வெச்சேன், நம்ம 1 வெள்ளி பிளாஸ்டிக் நோட்டு, காகித நோட்டு மாதிரி ஊறிப் போகாது. நோட்டுக்கு மனசு வரலன்னா குடிச்சுப் போட்ட மைலோ பெட்டிய வெட்டி வைக்கலாம், ஓரத்த மட்டும் வட்டமா வெட்டுங்க. காத்து கொஞ்சம் கம்மியா அடிச்சு மெதுவா வீடு வந்து சேர்ந்தோம். டயர நெம்பிக் கழட்டுற டயர் லீவருக்கு பதிலா சாப்பாட்டு கரண்டி போடறவங்க நெறைய பேரு, நான் போட மாட்டேன், இரும்பு முனை டியூப கடிச்சு இன்னொரு ஓட்டை போட்டுரும்.

திங்கக்கிழமை மொத வேலையா டயர மாத்துனேன், செயின் ஆயில் வாங்குனேன். பக்கத்து மோட்டார் கடை அண்ணன்கிட்ட கிரீஸ் கேட்டேன், ஒரு பிளாஸ்டிக் மூடில வழிச்சுக் கொடுத்தாரு, காசு வாங்கல. வீட்டுக்கு வந்து சீட்டு கம்பிய உருவிப் பாத்தேன், வாசலின் அப்படியே இருந்துச்சு, ஒரே இழுப்புல வந்துருச்சு. துடைச்சுட்டு இந்த தடவ கிரீஸ பையனையே தடவச் சொன்னேன்.