எழுத்தில் வராத இகரம்: சொரானி குர்திஷுக்குக் குரல் செய்த அனுபவம்

வடக்கு ஈராக்கின் சுலைமானியா நகரில் ஒரு சிறு குழுவோடு சேர்ந்து, குர்திஷ் மொழியின் ஒரு வகையான சொரானியில் எழுதிய உரையை வாசித்துக் காட்டும் கணினிக் குரல் ஒன்றை உருவாக்கும் வேலையில் ஓராண்டுக்கு மேல் இருந்தேன். பார்வையற்ற மாணவர்கள் பாடநூல்களைக் கேட்டுப் படிப்பதற்கான குரல் அது. ஒலிப்பதிவிலிருந்து பேசக் கற்கும் கணினி மாதிரியைப் பயிற்றுவிப்பதுதான் கடினமாக இருக்கும் என்று எண்ணிப் போனேன். அதற்குச் சில வாரங்களே ஆயின. மீதிக் காலம் முழுவதையும் உரைதான் தின்றது.

குர்திஷுக்கு ஒரே எழுத்துமுறை இல்லை. துருக்கியிலும் சிரியாவிலும் பேசப்படும் குர்மாஞ்சி, 1932இல் டமாஸ்கஸில் தொடங்கிய ஹவார் இதழ் பரப்பிய லத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. ஈராக்கிலும் ஈரானிலும் வழங்கும் சொரானியோ அரபு எழுத்தின் திருத்திய வடிவத்தில் எழுதப்படுகிறது. ஒன்றுக்குச் சேர்த்த தரவு மற்றதற்கு அப்படியே பயன்படாது.

அரபைப் போலன்றிச் சொரானியில் உயிரொலிகளும் எழுதப்படும் என்று அறிந்தபோது நிம்மதியாக இருந்தது. பிறகுதான் விதிவிலக்கு தெரிந்தது. 'பிஸ்ரோகே' எனப்படும் குறுகிய இகரத்துக்கு எழுத்தே கிடையாது. 'நான்' என்ற பொருளில் வரும் 'மின்' என்ற சொல்லை இரண்டு மெய்களாக மட்டுமே எழுதுவார்கள். இடையிலுள்ள இகரத்தை வாசிப்பவர் தாமே இட்டுக்கொள்வார். அடிக்கடி வரும் சொற்களில் அதை எங்கே இடுவது என்பதை மாதிரி ஒலிப்பதிவிலிருந்தே கற்றுக்கொண்டது. அறிவியல் பாடத்தில் அரிதாக வரும் சொற்களில் மெய்கள் ஒன்றோடொன்று மோதி, தொண்டையில் எதுவோ சிக்கியதுபோல் ஒலித்தது. குழுவிலிருந்த மொழியியல் மாணவி ஒருவர், அசையமைப்பை வைத்து இகரம் வரும் இடத்தைக் கணிக்கும் விதிகளை எழுதித் தந்தார். விதிக்கு அடங்காதவற்றுக்குத் தனி அகராதி சேர்த்தோம்.

முதலில் டேக்கோட்ரான் 2 மாதிரியில் தொடங்கினோம். எங்களிடம் இருந்ததோ ஒரே பெண் குரலில் சில மணிநேரப் பதிவு. அது சொற்களை விழுங்கியது, அல்லது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. 2021இல் வெளியான விட்ஸ் மாதிரிக்கு மாறியதும், எழுத்துக்கும் ஒலிக்குமான இணைப்பு முன்பின் தாவாமல் வரிசையாகவே நகர்வதால், அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது.

ஆனால் சில வாக்கியங்கள் மட்டும் விளங்காத முணுமுணுப்பாகவே வந்தன. அவற்றை ஒலியலை வரைபடத்தில் வைத்து ஒரு வாரம் பார்த்தும் பயனில்லை. கடைசியில் ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து யூனிகோட் எண்ணோடு, அதாவது கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணோடு, அச்சிட்டபோது குட்டு வெளிப்பட்டது. 'ய' ஒலிக்குரிய எழுத்து அரபு விசைப்பலகையில் ஓர் எண்ணையும் குர்திஷ் விசைப்பலகையில் வேறோர் எண்ணையும் பெறுகிறது. சொல்லின் இறுதியில் புள்ளிகளைக் கொண்டு அடையாளம் காணலாம், நடுவில் வந்தாலோ இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. 'க'வுக்கும் இதே கதைதான். பழைய செய்திகளிலிருந்து எடுத்த உரையில் இரண்டும் கலந்து கிடந்தன. அரிதாக வந்ததை மாதிரி தனி எழுத்தாகக் கருதி, அரைகுறையாகவே கற்றிருந்தது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான பழைய கோப்புகளும் வந்து சேர்ந்தன. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளோடு மல்லுக்கட்டியவன் என்பதால் அந்த ஓர் இடத்தில் மட்டும் நான் அனுபவசாலி.

இன்னொரு தொல்லை மின்சாரத்தால் வந்தது. அரசு மின்சாரம் நின்றதும் அந்தத் தெருவுக்கான தனியார் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். பதிவு அறைச் சுவர் அதைத் தடுத்துவிடும் என்று நம்பி, மாலைப் பதிவுகளை யாரும் தனியே சோதிக்கவில்லை. பயிற்சி முடிந்து கேட்டால், சில வாக்கியங்களின் இறுதி மௌனத்தில் குரல் மெல்ல உறுமியது. இரைச்சலும் மொழியின் பகுதி என்று மாதிரி எடுத்துக்கொண்டது. அதைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பதிவுகளைத் தூக்கிவிட்டு, காலை வேளைகளில் மீண்டும் பேச வைத்தோம்.

ரகர வேறுபாட்டில் கொஞ்சம் கர்வத்தோடு இருந்தேன். சொரானியில் ஒருமுறை நா தட்டும் ரகரத்தோடு சொன்னால் 'கெர்' என்பது கழுதை. நாவை அதிரவிட்டுச் சொன்னால் செவிடர். எழுத்தில் இந்த அதிர்வைக் காட்டுவது ஒரு சிறு குறி. அவசரமாகத் தட்டச்சிடுபவர்கள் அதை விட்டுவிடுவார்கள். அந்தக் குறிகளை எல்லாம் மீட்டு, இரண்டு சொற்களும் பிரிந்து ஒலித்த நாளில் குழுவுக்கே தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

குரலை முதலில் கேட்ட மாணவர் ஒரு பக்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார், வேகத்தை இரண்டு மடங்காக்கச் சொன்னார். எப்போதும் அந்த வேகத்தில்தான் படிப்பாராம். ஆக்கினேன். நாவின் அதிர்வு ஒரே தட்டாகச் சுருங்கி, செவிடர் மறுபடியும் கழுதையானார். மாணவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் கணினியைத் திறந்து, அந்த ஒலிக்கு மட்டும் குறைந்தபட்ச நீளம் ஒன்றை விதிக்க வழியுண்டா என்று பார்க்கத் தொடங்கினேன்.