கால்பிளாடர் ஸ்கேன் ஒண்ணுக்குள்ளயே இருக்கு முக்கால்வாசி பிசிக்ஸ்

அல்ட்ராசவுண்ட் படிக்க வர்ற பசங்களுக்கு பிசிக்ஸ்னாலே ஒரு அலர்ஜி. அனாட்டமி பிடிக்கும், உடம்பு மேல வச்சுப் பாக்கற ப்ரோப்ப கையில வாங்க துடிப்பாங்க, ஆனா போர்டுல ஃபார்முலா வந்ததும் பாதி பேர் ஜன்னலைப் பார்ப்பாங்க. பரீட்சைக்கு முந்தின ராத்திரி எல்லாத்தையும் உருப்போட்டு, எழுதிட்டு, மறுநாளே மறந்துடுவாங்க. அதனால நான் ஃபார்முலால ஆரம்பிக்கிறதையே விட்டுட்டேன். ஒரே ஒரு கால்பிளாடர் (பித்தப்பை) ஸ்கேனை முன்னாடி வச்சுக்கிட்டு அதுக்குள்ள இருந்தே எல்லாத்தையும் இழுத்துடுவேன், இங்கயும் அதைத்தான் பண்ணப் போறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணை மண்டைல ஏத்திக்கோங்க. மெஷினுக்கு உடம்பே தெரியாது. லிவர், கல், ரத்தக்குழாய், எதுவும் தெரியாது. அதுக்கு தெரிஞ்சது ரெண்டே ரெண்டு: அனுப்பின சத்தத்தோட எதிரொலி எவ்ளோ நேரம் கழிச்சு வந்துச்சு, எவ்ளோ பலமா வந்துச்சு. அவ்ளோதான். மீதி எல்லாம் மெஷின் தானா வச்சுக்கிற ஊகம். சத்தம் நேரா போய் நேரா திரும்புது, உடம்பு முழுக்க விநாடிக்கு 1540 மீட்டர் வேகத்துல போகுது, எல்லா திசுவும் சத்தத்தை ஒரே மாதிரி குறைக்குது, இப்படி. இந்த ஊகம் எங்கெங்க பொய்யாகுதோ அங்கெல்லாம் ஒரு ஆர்டிஃபாக்ட், அதாவது நிஜத்தை மாத்திக் காட்டற பொய்த் தோற்றம், உக்காந்திருக்கும். ஆர்டிஃபாக்ட் பேரெல்லாம் தனியா மனப்பாடம் பண்றதுக்கு பதிலா எந்த ஊகம் உடைஞ்சுதுன்னு கேளுங்க, பேர் தானா வரும்.

சரி, பேஷண்ட் வந்தாச்சு. வெறும் வயித்துல வரச் சொல்லியிருப்போம், ஏன்னா சாப்பிட்டா பித்தப்பை சுருங்கிடும், அதுவும் போக குடல்ல கேஸ் ஏறிக்கும். படுக்க வச்சு வலது விலாவுக்கு கீழ ஜெல் வைக்கிறோம். சில்லுனு இருக்குதுன்னு எல்லாரும் ஒரு தடவை வயித்த உள்ள இழுப்பாங்க. இந்த ஜெல் எதுக்குன்னு கேட்டா "ப்ரோப் வழுக்கிட்டு போறதுக்கு"னு சொல்ற ஸ்டூடண்ட்ஸ் இன்னும் இருக்காங்க! வழுக்குறது உபரி லாபம். அசல் காரணம் அகூஸ்டிக் இம்பீடன்ஸ், அதாவது ஒரு பொருளோட அடர்த்தியையும் அதுல சத்தம் போற வேகத்தையும் பெருக்கினா வர்ற எண். தசைக்கு அது சுமார் 1.7 மெகாரேல் (இம்பீடன்ஸோட அலகு), கொழுப்புக்கு 1.38, காத்துக்கு 0.0004. ரெண்டு பொருள் சேர்ற இடத்துல எவ்ளோ திரும்பும்னா, ரெண்டு எண்ணோட வித்தியாசத்தை கூட்டுத்தொகையால வகுத்து ஸ்கொயர் பண்ணணும். கொழுப்பு தசை எல்லைக்கு போட்டுப் பாருங்க, சுமார் 1 சதவீதம் வரும். காத்துக்கும் தோலுக்கும் போட்டா 99.9 சதவீதம். அதாவது ப்ரோப்புக்கும் தோலுக்கும் நடுவுல மெல்லிசா காத்து நின்னாலே சத்தம் உள்ள போகாம அப்படியே திரும்பிடும், ஸ்க்ரீன் கருப்பு. அந்த காத்தை விரட்டத்தான் ஜெல்.

அந்த 1 சதவீதத்தை கேவலமா நினைக்காதீங்க. ஒவ்வொரு எல்லையிலயும் கொஞ்சூண்டு மட்டும் திரும்புறதாலதான் மீதி 99 சதவீதம் அடுத்த எல்லைக்கு போகுது, 15 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் படம் தெரியுது. எலும்புல 40 சதவீதத்துக்கு மேல திரும்பிடும், உள்ள போனதையும் எலும்பே குடிச்சிடும், அதனாலதான் நாம விலாவுக்கு நடுவுல சந்து தேடிக்கிட்டு ப்ரோப்ப சாய்ச்சு சாய்ச்சு அலையறோம்.

இப்போ ப்ரோப்புக்குள்ள. 1880ல ஜாக் க்யூரி, பியர் க்யூரின்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கண்டுபிடிச்ச பீசோஎலெக்ட்ரிக் சமாச்சாரம்தான் இன்னிக்கும் ஓடுது. கிரிஸ்டலை அழுத்தினா கரண்ட் வருது, திருப்பி கரண்ட் குடுத்தா கிரிஸ்டல் துடிக்குது (இந்த ரெண்டாவது பாதி அடுத்த வருஷம்தான் உறுதியாச்சு). அந்த துடிப்பு திசுவை நெருக்கி, விட்டு, நெருக்கி, விட்டு முன்னேறுது. திசு எங்கயும் போகலை, இருந்த இடத்துலயே முன்ன பின்ன ஆடுது, நெருக்கம்தான் பயணம் பண்ணுது. வயித்துக்கு வைக்கிற வளைஞ்ச ப்ரோப் 3.5 மெகாஹெர்ட்ஸ்னு வச்சுக்கோங்க, விநாடிக்கு 35 லட்சம் தடவை. நம்ம காது 20,000ல நின்னுடும்.

இங்க ஒரு இடத்துல வருஷா வருஷம் பசங்க விழுவாங்க. ஃப்ரீக்வென்சி கூடினா சத்தம் வேகமா போகும்னு எழுதுவாங்க. போகாது! வேகத்தை முடிவு பண்றது சத்தம் போற பொருள், ப்ரோப் கிடையாது. ஃப்ரீக்வென்சி கூடினா அலைநீளம் குறையும், அவ்ளோதான். 1.54ஐ (அதே 1540தான், மைக்ரோசெகண்டுக்கு மில்லிமீட்டர்ல) மெகாஹெர்ட்ஸால வகுத்தா அலைநீளம் மில்லிமீட்டர்ல கிடைக்கும்: 3.5க்கு 0.44, 10க்கு 0.154. இன்னொரு தப்பு, அடர்த்தி அதிகமான பொருள்ல சத்தம் வேகமா போகும்ங்கறது. பாதரசத்தைப் பாருங்க, தண்ணியை விட 13.6 மடங்கு அடர்த்தி, வேகமோ விநாடிக்கு சுமார் 1450 மீட்டர், தண்ணில 1480. எலும்புல வேகம் எகிறுறதுக்கு காரணம் அதோட விறைப்பு, அடர்த்தி சொல்லப்போனா வேகத்தை இழுத்துதான் பிடிக்கும்.

ப்ரோப் ஒரு தடவைக்கு ரெண்டு மூணு துடிப்பு மட்டும்தான் அனுப்பும். மூணு துடிப்புன்னா 3.5 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு மைக்ரோசெகண்ட் கூட ஆகாது. அப்புறம் வாயை மூடிக்கிட்டு கேக்கும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு போய் வர 13 மைக்ரோசெகண்ட், 15 சென்டிமீட்டர்னா 195. மொத்த நேரத்துல 99 சதவீதத்துக்கு மேல ப்ரோப் வெறுமனே கேட்டுக்கிட்டுதான் இருக்கு. அப்படி ஒரு கோடு முடிஞ்சு அடுத்த கோடு, 200 கோடு சேர்ந்தா ஒரு படம், கிட்டத்தட்ட 39 மில்லிசெகண்ட், விநாடிக்கு 25 படம். டெப்த்த தேவையில்லாம ஏத்தி வச்சா படம் ஏன் திக்கித் திக்கி ஓடுதுன்னு இப்போ புரியுதா, ஒவ்வொரு கோட்டுக்கும் கூடுதலா காத்திருக்கணும் இல்ல.

ஒரு தடவை அனுப்புற இந்த ரெண்டு மூணு துடிப்பு, அதாவது பல்ஸ், ஏன் இவ்ளோ குட்டியா இருக்கணும்? மேலும் கீழுமா இருக்கற ரெண்டு புள்ளியை தனித்தனியா காட்டணும்னா அதுங்க நடுவுல பல்ஸ் நீளத்துல பாதியாவது இடைவெளி வேணும். மூணு துடிப்பு 1.32 மில்லிமீட்டர், அதுல பாதி 0.66. அதை விட நெருக்கமா இருந்தா ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கும். ஃப்ரீக்வென்சியை ஏத்தினா இது இன்னும் நுணுக்கமாகும், ஆனா அதுக்கு விலை இருக்கு. திசு சத்தத்தை ஒரு சென்டிமீட்டருக்கு, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 0.5 டெசிபெல் குடிச்சிடும். 3.5 மெகாஹெர்ட்ஸ்ல 10 சென்டிமீட்டர் போய் வந்தா 35 டெசிபெல், அனுப்பினதுல மூவாயிரத்துல ஒரு பங்கு. அதுவே 10 மெகாஹெர்ட்ஸ்னா 100 டெசிபெல், ஆயிரம் கோடில ஒரு பங்கு! அதனாலதான் தைராய்டுக்கு வச்ச ப்ரோப்ப தூக்கி குண்டான ஆளோட லிவர்ல வச்சா ஒண்ணும் தெரியாது.

ஆழத்துல இருந்து வர்ற எதிரொலி பலவீனமா இருக்கும்னு மெஷினுக்கு தெரியும், அதனால லேட்டா வர்றதை கூடுதலா பெருக்கிக் காட்டும். வரிசையா இருக்குமே தள்ளுற பட்டன், டிஜிசி, அது இதுக்குத்தான்.

இப்போ கால்பிளாடர் ஸ்க்ரீன்ல வந்தாச்சு. லிவருக்கு கீழ பேரிக்கா வடிவத்துல சுத்தமான கருப்பு. பித்தநீர்ல எல்லையே இல்ல, எதிரொலி இல்ல, அதனால கருப்பு. ஆனா அதுக்கு பின்னாடி இருக்கற திசு மட்டும் பக்கத்துல இருக்கறதை விட பளிச்சுனு இருக்கும், கவனிச்சிருப்பீங்க. பித்தநீர் சத்தத்தை கிட்டத்தட்ட குடிக்கவே இல்ல, ஆனா மெஷின் லிவர் வழியா வந்த மாதிரி நினைச்சுக்கிட்டு வழக்கம்போல பெருக்கிடுச்சு. அதான் போஸ்டீரியர் என்ஹான்ஸ்மெண்ட். நீர்க்கட்டிக்கும் இதே கதைதான். கிளாஸ்கோல இயான் டொனால்ட்னு ஒரு மகப்பேறு டாக்டர், 1955ல ஆபரேஷன்ல எடுத்த ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைல வர்ற கெட்டியான கட்டி), நீர்க்கட்டி எல்லாத்தையும் கார் டிக்கில போட்டுக்கிட்டு, உலோகத்துல விரிசல் இருக்கான்னு பாக்கற மெஷின் வச்சிருந்த பாய்லர் கம்பெனிக்கே போய் சோதிச்சுப் பார்த்தார். நீர்க்கட்டியும் கெட்டியான கட்டியும் வேற வேற மாதிரி எதிரொலிச்சுது. 1958ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த அவங்க கட்டுரைதான் வயித்து ஸ்கேனுக்கு பிள்ளையார் சுழி. வயித்துல கட்டி இருக்கறவங்களுக்கு இது தண்ணியா சதையான்னு நாம முதல்ல சொல்றோமே, அந்த வேலை அங்க ஆரம்பிச்சதுதான்.

கல் இருந்தா தலைகீழ். பளிச்சுனு ஒரு வளைவு, அதுக்கு கீழ கோடு போட்ட மாதிரி கருப்பு நிழல். கல்லு கொஞ்சத்தை திருப்பி அனுப்பிட்டு மீதியை குடிச்சிடுது, பின்னாடி போக சத்தமே இல்ல. பேஷண்ட்ட இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லுங்க, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க, அந்த பளிச் வளைவு பித்தநீருக்குள்ள உருண்டு கீழ் பக்கம் போய் உக்காரும், நிழலும் கூடவே போகும். பாலிப்னா (பித்தப்பை சுவர்ல ஒட்டி வளர்ற சின்ன சதை) ஒட்டின இடத்துலயே இருக்கும், நிழலும் விழாது.

ஆனா 2, 3 மில்லிமீட்டர் கல்லுல நிழல் விழலையேன்னு கல்லு இல்லன்னு ரிப்போர்ட் எழுதிடாதீங்க. சத்தக்கற்றையோட அகலம் கல்லை விட பெருசா இருந்தா ரெண்டு பக்கமும் சத்தம் வழிஞ்சு பின்னாடி போயிடும், டார்ச் லைட்டுக்கு முன்னாடி குண்டூசியைப் பிடிச்சா சுவத்துல என்ன நிழல் விழும்? ஃபோகஸை கல்லு இருக்கற ஆழத்துக்கு கொண்டு வாங்க, கற்றை அந்த இடத்துல ஒடுங்கும். ஃப்ரீக்வென்சியை ஏத்துங்க, ஹார்மானிக்ஸ் (அனுப்பின ஃப்ரீக்வென்சியோட இரட்டிப்புல வர்ற எதிரொலியை வச்சு படம் போடற மோடு) போடுங்க. பாதி கேஸ்ல இல்லாத நிழல் வந்துடும்.

எனக்கு தனிப்பட்ட முறையில ரொம்ப பிடிச்சது கல்லு இல்லாம விழற நிழல்கள்தான். பக்கத்துல இருக்கற டியோடினத்துல (சிறுகுடலோட ஆரம்பப் பகுதி) கேஸ் இருந்தா அதுவும் பளிச்சுனு தெரிஞ்சு நிழல் விடும், ஆனா அந்த நிழல் அழுக்கா, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், ஏன்னா கேஸ் சத்தத்தை குடிக்கலை, மொத்தமா திருப்பி அடிக்குது, அது ப்ரோப்புக்கும் கேஸுக்கும் நடுவுல மாறி மாறி அடிச்சு பொய் எதிரொலியா நிழலுக்குள்ள வந்து விழுது. கால்பிளாடர் கழுத்துக்கிட்ட, வளைவான ஓரத்துல சத்தம் திசை மாறி விலகிப் போறதாலயும் ஒரு மெல்லிய நிழல் விழும், அங்க கல்லுன்னு சொல்லி மாட்டினவங்க நிறைய. கோணத்தை மாத்துங்க, ஓரத்து நிழல் மறையும், கல்லோட நிழல் மறையாது. அப்புறம் டயஃப்ரம் (உதரவிதானம்), அதுக்கு மேல நுரையீரல், நுரையீரல் முழுக்க காத்து, அதாவது கண்ணாடி. லிவர்ல ஒரு ஹெமாஞ்சியோமா (ரத்தக்குழாய்களால ஆன சாதாரண கட்டி) இருந்தா டயஃப்ரத்துக்கு அந்தப் பக்கமும் ஒண்ணு தெரியும். சத்தம் சுத்திட்டு லேட்டா வந்ததை மெஷின் நேரா ஆழத்துல இருந்து வந்ததா எடுத்துக்கிச்சு.

வேகம் பத்தின ஊகமும் உடையும். கொழுப்புல வேகம் சுமார் 1450தான். 6 சென்டிமீட்டர் கொழுப்பு வழியா சத்தம் போய் வந்தா மெஷின் அதை 6.37ன்னு கணக்கு போடும், கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் கூடுதல் ஆழம். ஆழத்தை அளந்து ஊசி போடறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

கடைசியா டாப்ளர். பித்தக்குழாயும் போர்ட்டல் வெயினும் (குடல்ல இருந்து லிவருக்கு ரத்தம் கொண்டு போற சிரை) பக்கத்துல பக்கத்துல ரெண்டு கருப்பு குழாய், எது எதுன்னு குழப்பம் வந்தா கலரைத் தட்டுவோம், ரத்தம் ஓடறதுல கலர் ஏறும். ஓடற செல்லுல பட்டு திரும்புற சத்தத்தோட ஃப்ரீக்வென்சி கொஞ்சம் மாறும், அந்த மாற்றம்தான் கணக்கு. 2.5 மெகாஹெர்ட்ஸ், ரத்த வேகம் விநாடிக்கு 20 சென்டிமீட்டர், கோணம் 60 டிகிரின்னு போட்டா மாற்றம் சுமார் 325 ஹெர்ட்ஸ் வரும். பாருங்க, காதுக்கு கேக்கற சத்தம், அதனாலதான் மெஷின் ஸ்பீக்கர்ல அந்த ஊஷ் ஊஷ் கேக்குது, யாரும் தனியா சேர்த்ததில்ல.

கோணத்தோட கொசைன் அந்த கணக்குல உள்ள இருக்கறதால 90 டிகிரில பூஜ்யம் ஆயிடும், ரத்தம் ஆறா ஓடினாலும் கலர் வராது. 60க்கு மேல போனா கோணத்துல வர்ற சின்னப் பிசகு கூட வேகத்தை தாறுமாறா ஆக்கும். அதனால போர்ட்டல் வெயின்ல கலர் ஏறலைன்னா முதல்ல ப்ரோப்ப சாய்ச்சு கோணத்தை மாத்துங்க, ஸ்கேலை (கலர் காட்டற வேக வரம்பு) குறைங்க, கலர் கெயினை கொஞ்சம் ஏத்துங்க, இவ்ளோவும் பண்ணி அப்பவும் வரலைன்னாதான் த்ராம்பஸ்னு (குழாயை அடைக்கிற ரத்த உறைவு) வாயைத் திறக்கணும்.