கோரைத் தண்டில் பிரிஜிட் சிலுவை: மூன்றாவது முயற்சி

அயர்லாந்தில் பிப்ரவரி 1 புனித பிரிஜிட் திருநாள். அதற்கு முந்தைய மாலை, ரஷ் எனப்படும் சதுப்புநிலக் கோரையால் சிலுவை முடைந்து வாசலுக்கு மேல் வைத்தால் தீயும் பசியும் வீட்டை அண்டா என்பது கிராமங்களின் நம்பிக்கை. சாகக் கிடந்த ஒரு தலைவனின் படுக்கையருகே, தரையில் பரப்பியிருந்த கோரையை எடுத்து முடைந்தபடியே பிரிஜிட் அவனுக்குச் சிலுவையின் பொருளை விளக்கினார் என்று கதை சொல்கிறது.

லீட்ரிம் பகுதியின் ஈர வயல்களில் இக்கோரைக்குப் பஞ்சமே இல்லை. முதல் முறை நான் அதைக் கத்தியால் அறுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "அறுக்கக் கூடாது, பிடுங்க வேண்டும்" என்றார். மரபு என்பது ஒருபுறம் இருக்க, பிடுங்கினால் வெளுத்த அடிப்பகுதியோடு முழு நீளத் தண்டு கிடைக்கிறது. இரண்டாம் முறை, பிடுங்கி வந்த கட்டை அறியாமல் ஹீட்டரின் அருகில் வைத்துவிட்டேன். மடித்த இடமெல்லாம் முறிந்து, உள்ளிருந்த வெண்பஞ்சு பிதுங்கியது. பழங்காலத்தில் தோலை உரித்து, இந்தப் பஞ்சைத்தான் கொழுப்பில் தோய்த்து விளக்காக எரித்தார்களாம்.

இம்முறை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து, 28 தண்டுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, இரண்டாவதை நடுவில் மடித்து அதன்மேல் கோத்து, நுனிகள் வலப்பக்கம் பார்க்கும்படி விட வேண்டும். பிறகு முழுவதையும் இடஞ்சுழியாகக் கால் வட்டம் திருப்பி, மேல்நோக்கி நிற்கும் தண்டுகள் அனைத்தையும் அணைத்தவாறு அடுத்ததை மடித்துப் போட வேண்டும். மீதி எல்லாம் இதே வேலைதான். ஆனால் நடுச்சதுரத்தைப் பிடித்திருக்கும் இடது கட்டைவிரல் ஒரு கணம் தளர்ந்தாலும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சதுரம் கோணிவிடும். பன்னிரண்டாவது தண்டில் எனக்கு அப்படித்தான் ஆயிற்று; நான்கைப் பிரித்து மறுபடி முடைந்தேன்.

நான்கு கைகளின் நுனிகளையும் நூலால் கட்டி, ஒழுங்காகக் கத்தரித்து, வாசற்படிக்கு மேல் மாட்டினேன். ஒரு வாரத்தில் பச்சை நிறம் வைக்கோல் நிறமாக மாறியது. தண்டுகள் காய்ந்து சுருங்கியதால் கட்டுகள் தளர்ந்து, ஒரு கை வழுக்கி இறங்கியது. கழற்றி, நான்கு நூல்களையும் மீண்டும் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். தொழுவத்தில் வைப்பதற்கென்று மூன்று கைகள் கொண்ட வகை ஒன்றும் உண்டு. மிச்சக் கோரை இன்னும் ஈரத்துணிக்குள்தான் இருக்கிறது.