முதலாம் வருட எழுத்துக் கொப்பி

ஒக்டோபர் 7

எழுத்துப் பயிற்சிப் பாடம் இன்றைக்குத்தான் தொடங்கியது. மற்றப் பாடங்களுக்கு மண்டபம் நிறையப் பிள்ளைகள் இருப்போம். இதற்கு மட்டும் சின்ன வகுப்பறை. மிஸ் வந்தார், பெயர்கூடக் கேட்கவில்லை. "உங்கட ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்க, புள்ளி இல்ல" என்று தாளைக் கொடுத்துவிட்டார். புள்ளி இல்லாவிட்டால் எதுக்கு எழுதுறது என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

எழுதி முடிந்ததும் தாள்களை வாங்கி, முதல் வரியை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்தார். "மீன் பாடும் தேன் நாடாம் மட்டக்களப்பிலே..." என்று மட்டும் ஆறேழு. "ஆதிகாலந்தொட்டு மனிதன்..." "இன்றைய நவீன உலகில்..." ஹட்டனில் இருந்து வந்த பிள்ளை "இயற்கை அன்னை மடியில்" என்று தொடங்கியிருந்தாள். பெயரை மூடிவிட்டால் எது யாருடைய தாள் என்று எங்களுக்கே தெரியாது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. மிஸ்ஸும் சிரித்தார். பிறகு எல்லோருடைய முதல் பந்தியையும் வெட்டிவிட்டு இரண்டாம் பந்தியிலிருந்து வாசித்தார். அநேகமான தாள்களில் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஒக்டோபர் 9

உயர்தரத்தில் எங்கள் ரியூசன் சேர் கட்டுரைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். முன்னுரை ஐந்து வரி, நடுவில் மூன்று பந்தி, "எனவே" என்று தொடங்கும் முடிவுரை. விபுலாநந்த அடிகளுக்கு ஒரு பந்தி எப்போதும் தயாராக இருக்கும்: 1892இல் காரைதீவில் பிறந்தார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார், 1947இல் மறைந்தார், சமாதி கல்லடியில். தலைப்பு கல்வி என்றாலும் இசை என்றாலும் ஒற்றுமை என்றாலும் அந்தப் பந்தி உள்ளே போய்விடும். சுற்றாடல் மாசடைதலுக்குள்ளும் அதை நுழைத்த ஒரு கெட்டிக்காரி எங்கள் வகுப்பில் இருந்தாள்.

அந்த சேரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரத்துக்கு எழுதி முடிக்கிற கை அவர் போட்ட பிச்சை. ஆனால் பரீட்சைத் தாள் திருத்துகிறவருக்கு விடை முன்பே தெரியும். நான் சொல்லி அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும் என்று காட்டினால் போதும். இந்த மிஸ் கேட்பது விஷயம் தெரியாத ஆளுக்குச் சொல்லச் சொல்லி. இத்தனை வருடப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு ஆளுக்கு எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஒக்டோபர் 16

பத்து நிமிடம் பேனையை நிறுத்தாமல் எழுதவேண்டும். எழுத ஒன்றும் வராவிட்டால் "ஒன்றும் வரவில்லை" என்றே எழுதவேண்டுமாம். எழுத்துப்பிழை பார்க்கக்கூடாது, வெட்டக்கூடாது. இதை யாரும் வாசிக்கப்போவதும் இல்லை. முதல் அரைப் பக்கம் குப்பை. அதற்குப் பிறகு எப்படி வந்தது என்று தெரியாது, வெள்ளம் வந்தது. எங்கள் வீடு படுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயல் பக்கம். மாரியில் வட்டைக்குள் தண்ணீர் ஏறினால் வீட்டில் ஒரே பேச்சுத்தான்: "ஆத்துவாய் வெட்டிட்டாங்களாமா?" ஆத்துவாய் என்றால் வாவி கடலோடு சேரும் வாய், மணல் மூடிவிட்டால் வெட்டித்தான் திறக்கவேண்டும். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் ஓடிவிட்டது.

அரையாண்டு ஒப்படைக்கு இதையே எடுக்கப்போகிறேன். மிஸ் சரி என்றார்.

ஒக்டோபர் 22

இந்த மாதிரிப் பாடம் எங்கே தொடங்கியது என்று மிஸ் சொன்னார். அமெரிக்காவில் ஹார்வர்டில் 1874இல் நுழைவுத் தேர்வோடு ஆங்கிலக் கட்டுரையும் எழுதச் சொன்னார்களாம். நல்ல பள்ளிக்கூடங்களில் படித்து வந்த பிள்ளைகளே தடுமாறியிருக்கிறார்கள். 1885இல் முதலாம் வருடத்திலேயே எழுத்துப் பாடம் வைத்துவிட்டார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியாது" என்ற பேச்சுக்கு அவ்வளவு வயது!

தமிழில் உரைநடையை எளிமையாக்கி, நிறுத்தக் குறிகள் போட்டு எழுதப் பழக்கியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் என்பது எல்லோரும் படித்ததுதான். அவர் காலம் 1822 முதல் 1879 வரை. அதை மனப்பாடம் செய்த நாங்கள் காற்புள்ளியை எங்கே போடுவது என்று இன்னும் சண்டை பிடிக்கிறோம்.

ஒக்டோபர் 30

என் மையக் கருத்து என்று இப்படி எழுதிக் கொடுத்தேன்: "ஆற்றுவாயை உரிய காலத்தில் வெட்டவேண்டும்."

மிஸ் பக்கத்தில் பென்சிலால், "இதை யார் மறுப்பார்?" என்று எழுதியிருந்தார்.

யோசித்துப் பார்த்தால் ஒருவரும் மறுக்கமாட்டார்கள். உரிய காலத்தில் சாப்பிடவேண்டும், உரிய காலத்தில் தூங்கவேண்டும். மறுக்க ஆள் இல்லாத வசனத்துக்கு நான்கு பக்கம் எதற்கு? அடுத்த கேள்வி அதைவிடப் பொல்லாதது: "உரிய காலம் எது என்று சொல்வது யார்?" இதற்குப் பதில் எந்த நோட்ஸிலும் இல்லை. போய்க் கேட்டு வரச் சொன்னார்.

நவம்பர் 3

வீட்டுக்கு வந்தேன். பெரியப்பா விதைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொப்பியை எடுத்ததும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். அரசாங்கக் கணக்கெடுப்பு என்று நினைத்தாரோ தெரியாது. தேத்தண்ணி வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"உன்னிச்சைக் குளத்தில வான் கதவத் திறந்தா தண்ணி இஞ்சாலதான் வரும். வெள்ளாமை நாலஞ்சு நாள் முழுக்கத் தண்ணிக்குள்ள கிடந்தா அழுகிப் போயிடும் புள்ள. மறுகா வெட்டி என்னத்துக்கு?"

மீன்பிடிக்கிற ஆட்களிடமும் கேட்டுத்தானே முடிவெடுக்கவேண்டும் என்றேன்.

"வெள்ளம் வந்து நிக்கக்குள்ள யாரிட்டப் போய்க் கேக்கிற?"

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். இப்படி ஒரு வசனம் எனக்கு நான்கு பந்தியிலும் வராது.

நவம்பர் 9

தங்கியிருப்பது கல்லடியில் சின்னம்மா வீட்டில். அங்கிருந்து சைக்கிளில் பாலத்தைக் கடந்து பாலமீன்மடுவுக்குப் போனேன். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் இப்போது புதிய பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1913இல் கட்டிய வெளிச்ச வீட்டுக்குப் பக்கம் வழக்கம்போல் ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மணலுக்குப் போனேன்.

மிஸ் கொடுத்த வேலை, "அரை மணித்தியாலம் நின்று பார். பார்த்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே." சொல்லச் சுகம். கொப்பியில் இருப்பது இவ்வளவுதான்: மணல் மேடு நடந்துபோகிற அகலத்துக்கு இருக்கிறது. கடல் பக்கம் சரிவு, வாவிப் பக்கம் தட்டை. வாவித் தண்ணீர் கலங்கல், அசைவே இல்லை. பெரிய அலை வந்தால் நுரை மேட்டின் உச்சிவரை ஏறும். நுரை திரும்பிப் போகும், அது கொண்டுவந்த மணல் திரும்பிப் போகாது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வருடம் "ஆற்றுவாய் மூடிக்கிட்டு" என்று சொல்லியிருக்கிறோம். மூடுவது இந்தக் கைப்பிடி மணல்தான், ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம்.

வீச்சுவலை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு ஐயாவோடு கதைத்தேன். அவருடைய கணக்கு பெரியப்பாவுடைய கணக்கு இல்லை. "தண்ணி நல்லா ஏற முதல் வெட்டினா வேகம் காணாது மகள். கடல் திரும்ப மண்ணத் தள்ளி மூடிடும். தண்ணி ஏறி நிண்டு வெட்டினாத்தான் அதுவே அரிச்சு அகலமாக்கும்." இறால் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வர வாய் திறந்திருக்கவேண்டும் என்றும் சொன்னார், கண்ட நேரத்தில் வெட்டினால் உள்ளே வளர்ந்த மீன் எல்லாம் வெள்ளத்தோடு வெளியே போய்விடும் என்றும் சொன்னார். இரண்டும் ஒன்றுக்கொன்று மாறாக இருக்கிறதே என்று கேட்டேன். "ஓம், அதாலதான் எங்களுக்குள்ளயே சண்டை" என்று சிரித்தார்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போது, இப்போதாவது மறுக்க ஆள் கிடைத்தார்களே என்று ஒரு சந்தோசம்.

நவம்பர் 13

கட்டுரையின் முதல் வரைவை மாற்றி வாசிக்கும் நாள். பிழை திருத்தக்கூடாது, விளங்காத இடத்தில் கேள்வி மட்டும் எழுதவேண்டும். எனக்கு வாய்த்தது ஹட்டன் பிள்ளை. அவள் கேட்ட முதல் கேள்வி: "ஆறு தானாகக் கடலுக்குப் போகும்தானே, ஏன் வெட்டவேண்டும்?"

மலையில் பிறந்தவளுக்கு ஆறு என்றால் மேலிருந்து கீழே விழுவது. இங்கே ஆறு என்று நாங்கள் சொல்வது சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோடு ஒட்டியே படுத்துக் கிடக்கும் வாவி. எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை, அதனால் எனக்கு எழுதவும் தோன்றவில்லை. நுரையும் மணலும் கொப்பியிலேயே கிடந்தன. ஒரு பந்தி புதிதாக எழுதினேன்: கோடையில் அலை எப்படி மணலைக் குவித்து வாயை அடைக்கிறது, மாரியில் உள்ளே தண்ணீர் எப்படி ஏறுகிறது, பெக்கோ இயந்திரம் வந்து ஒடுக்கமாக ஒரு வாய்க்கால் தோண்டிவிட்டால் மிச்ச வேலையை வெள்ளமே எப்படிச் செய்கிறது என்று. கட்டுரையிலேயே எனக்குப் பிடித்த பந்தி இப்போது அதுதான். அவளுடைய கேள்வி இல்லாவிட்டால் அது இல்லை.

அவளுடைய கட்டுரை தேயிலைக் கொழுந்து நிறுப்பது பற்றியது. தராசில் நிறுத்த பிறகு சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பார்களாம். எவ்வளவு என்று நான் கேள்வி எழுதினேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

நவம்பர் 19

பத்திரிகைச் செய்தியை எங்கள் சொல்லில் எழுதும் பயிற்சி. நான்கு சொல்லை மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்தால் அது களவுதான், கீழே பத்திரிகையின் பெயரைப் போட்டாலும் களவுதான். வாசி, தாளைக் கவிழ்த்து வை, ஒருவருக்குச் சொல்வதுபோல் எழுது, பிறகு நிமிர்த்திப் பார்த்து எண்களைச் சரிபார். எங்கிருந்து எடுத்தது என்பதையும் போடு. இதில் வேறு எழுத ஒன்றுமில்லை, செய்து செய்துதான் வரவேண்டும்.

நவம்பர் 25

மழை. வகுப்பு இல்லை. வாவி நிறம் மாறிவிட்டது. பெரியப்பாவுக்கு எடுத்தேன், வரம்பு மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிறதாம். ஆத்துவாய் வெட்டிட்டாங்களா என்று என்னைக் கேட்கிறார். கட்டுரை எழுதுகிறவளுக்கு அரசாங்கக் கச்சேரியில் ஆள் இருக்கும் என்று நினைப்பு!

டிசம்பர் 2

வரைவின் ஓரத்தில் ஒவ்வொரு பந்திக்கும் ஒரு வரி எழுதச் சொன்னார் மிஸ், அந்தப் பந்தி என்ன வேலை செய்கிறது என்று. மூன்றாம் பந்திக்கும் ஆறாம் பந்திக்கும் ஒரே வரிதான் வந்தது, ஒன்றைத் தூக்கினேன். ஐந்தாம் பந்திக்கு ஒரு வரியும் வரவில்லை. வாவியின் அழகு, நிலவு, பாடும் மீன் எல்லாம் அதில் இருந்தன. வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. அதுவும் போனது. இதில் மிஸ்ஸோடு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஒரு கட்டுரையில் வேலையில்லாமல் ஒரு பந்தி சும்மா இருந்தால் என்ன குடியா முழுகிவிடும்? கேட்டேன். "இருக்கலாம். ஆனா ஏன் இருக்குதெண்டு உங்களுக்குத் தெரியவேணும்" என்றார். எனக்குத் தெரியவில்லை.

லகர ளகரமும் சந்தியும் கடைசியில்தான் பார்த்தோம். வெட்டப்போகும் பந்தியில் ஒற்று மிகுமா என்று மண்டையை உடைப்பதில் என்ன இலாபம்? இது எனக்குச் சரியாகவே பட்டது. பள்ளிக்கூடத்தில் சிவப்புப் பேனை முதல் போய் நிற்கும் இடமே ஒற்றுத்தான்.

டிசம்பர் 6

கொடுத்தாயிற்று. மையக் கருத்து கடைசியில் இப்படி நின்றது: ஆற்றுவாயை வெட்டும் முடிவு முகத்துவாரத்தில் தண்ணீர் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து எடுக்கப்படக்கூடாது. படுவான்கரை வயல்களில் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதையும் பார்க்கவேண்டும், மீனவர்களோடு மழைக்கு முன்பே பேசி எந்த மட்டத்தில் வெட்டுவது என்று ஒத்துக்கொண்டிருக்கவேண்டும்.

பெரியப்பா கேட்ட கேள்விக்குத் தனியாக ஒரு பந்தி கொடுத்தேன். வெள்ளம் வந்து நிற்கும்போது கேட்க நேரமில்லை என்பது உண்மை, அதனால்தான் முன்கூட்டியே என்கிறேன். இந்தப் பதிலை அவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "ஒக்டோபர்ல கூட்டம் வெச்சா ஒருத்தனும் வரமாட்டான், எல்லாரும் விதைப்பில நிப்பாங்க" என்றார். அதையும் சேர்த்தேன். என் வாதம் கொஞ்சம் நொண்டத்தான் செய்கிறது. பரவாயில்லை, நொண்டுகிற இடம் எது என்று எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 16

தாள் திரும்பி வந்தது. புள்ளியை இங்கே போடவில்லை, வீட்டில் அம்மா கேட்டால் சொல்லுகிற அளவு இருக்கிறது. மிஸ் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார். மணல் பந்திக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம், சொல் ஒன்றும் இல்லை. வீச்சுவலை ஐயா இரண்டு விதமாகச் சொன்னதை நான் ஒரு வசனத்தில் சுருக்கியிருந்தேன். அங்கே, "இதுதான் உங்கட கட்டுரையின் கஷ்டமான இடம், ஏன் இவ்வளவு அவசரம்?" கடைசிப் பந்தியில், "எனவே" என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். ரியூசன் சேர் அங்கேயும் வந்து நின்றிருக்கிறார்.

அடுத்த ஒப்படை குழு வேலை, ஹட்டன் பிள்ளையும் நானும். கொழுந்துக் கணக்கை அவள் அம்மாவிடம் கேட்டு வந்துவிட்டாள். விடுமுறைக்கு முதல் இரண்டு பேரும் நூலகத்துக்குப் போகவேண்டும். பஸ் எட்டரைக்கு.